19 பாகையில் செத்த மாடுகள்

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் சுற்றிக்கொண்டு நின்ற நாட்களை வன்னியில் மாடு வைத்திருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் எங்கள் பக்கம் வரவே இல்லை, 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்குக் கிட்டக் கரையேறியது. எங்களுக்கு வந்ததெல்லாம் காற்றும், நிற்காத தூறலும், வெயில் முகமே காட்டாத பகலும்தான். மல்லாவிக்குக் கிட்ட இருக்கிற எங்கள் பட்டிக்கு விடிய ஐந்தரைக்கு டோர்ச்சோடு போனேன். மொத்தம் இருபத்துமூன்று உருப்படி. பதினைந்து எழும்பின. ஏழு, முந்தின நாள் பின்னேரம் படுத்த இடத்திலேயே காலை மடித்தபடி, கண் திறந்தபடி கிடந்தன. ஒரு கன்று மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

வீட்டுத் திண்ணைச் சுவரில் நான் நோர்வேயிலிருந்து கொண்டுவந்த வெப்பமானி ஒன்று தொங்குகிறது. சைபருக்குக் கீழே ஐம்பது வரைக்கும் கோடு போட்டது; இங்கே அதன் கீழ்ப்பாதிக்கு வேலையே இல்லை. அன்று காலை அது 19 காட்டியது. சைபருக்கு மேலே 19. அந்த இரண்டு மூன்று நாளில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேல் மாடு ஆடுகள் செத்துப்போயின என்று பிறகு செய்திகளில் வந்தது.

எனக்கு இதில் கவலையைவிட வெட்கம்தான் கூட. நான் கூதல் தெரியாத ஆள் இல்லை. 1988இல், இருபத்தொரு வயதில், நோர்வேயின் வடகோடியில் பின்மார்க் என்ற மாகாணத்துக்குப் போய் பதின்மூன்று வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றவன். அந்தப் பக்கத்து மீன் ஊர்களில் அப்போது எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மைனஸ் இருபதில் வேலைக்கு நடந்து போயிருக்கிறேன். அப்படிப்பட்டவனின் மாடு 19 பாகையில் விறைத்துச் செத்ததென்றால், நான் அங்கே எதைப் படித்தேன் என்ற கேள்வி வரும்தானே. இப்போது உயர்தரத்தில் புவியியல் படிக்கிற மருமகள் குளிர்ச் சூழல் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, அங்க சனம் எப்பிடிச் சமாளிக்குது" என்று கேட்டபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் இருந்த ஊர் போட்ஸ்பியோர்ட், வட அகலக்கோடு 70 பாகைக்கும் மேலே. கிளிநொச்சி 9 பாகை. அவ்வளவு மேலே இருந்தும் அந்தத் துறைமுகக் கடல் உறைவதில்லை, அத்திலாந்திக்கில் இருந்து வருகிற வெப்ப நீரோட்டம் வடகோடி வரைக்கும் ஏறி வருகிறது. அதே மாகாணத்தில் உள்நாட்டுப் பக்கம் கராசோக் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே 1886இல் மைனஸ் 51.4 பதிவானது, நோர்வேயில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை அதுதான். கடல் சூட்டைத் தேக்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும், நிலத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. சரி, அப்படியென்றால் கடற்கரையில் இருக்கிறவனுக்குத்தானே சுகம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு தை மாதம் கராசோக்குக்குப் போனபோது மைனஸ் 34. மூச்சை இழுத்தால் மூக்குமயிர் ஒன்றோடொன்று ஒட்டும், காலடியில் பனி அப்பளம் மாதிரி நொறுங்கும். ஆனால் காற்று அசையவில்லை, எல்லாம் உலர்ந்து கிடந்தது, ஒரு மணித்தியாலம் வெளியே நின்று கதைத்தோம். எங்கள் ஊரில் மைனஸ் மூன்றில், கடலில் இருந்து ஈரப்பனியும் காற்றுமாக அடிக்கும்போது பத்து நிமிடம் நிற்க ஏலாது.

காற்றுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மைனஸ் பத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் இருபது மாதிரி. ஈரத்தின் கணக்கு இன்னும் மோசம், தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் வரவில்லை, காதில்தான் வந்தது. முதல் கார்த்திகையில் கொழும்பில் வாங்கின ஜேர்க்கின், உள்ளே பருத்திப் பெனியன், அதற்கு மேலே இரண்டு சேர்ட். கூதலுக்குப் பயந்து ஓட்டமும் நடையுமாய்ப் போனதில் உள்ளே வியர்த்து ஊறிவிட்டது, பிறகு வாகனத்துக்குக் காத்து நின்ற இருபது நிமிடத்தில் அந்த வியர்வை முதுகில் ஐஸ் தகடு மாதிரி ஆனது. இடது காதின் விளிம்பு வெள்ளையாகி உணர்ச்சியே இல்லை. நான் கெட்டிக்காரன் மாதிரித் தேய்தேய் என்று தேய்த்தேன். தேய்க்கவே கூடாது, உறைந்த தோல் பிய்ந்துவிடும், உள்ளங்கையைப் பொத்தி வைத்துச் சூடு கொடுத்தால் போதும். அந்தக் காது நுனி இன்றைக்கும் மார்கழியில் கூசும்.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய பெண், என்னைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர், அன்று என் பெனியனைக் கழற்றச் சொல்லி, எனக்கு முன்னாலேயே குப்பைக்குள் போட்டார். அடுத்த நாள் மீன்வலை மாதிரிப் பின்னிய ஓர் உள்சட்டை கொண்டுவந்தார். எனக்குச் சிரிப்பு. ஓட்டை ஓட்டையாய் இருக்கிற சட்டை கூதலைத் தடுக்குமா? ஓட்டைக்குள் அடைபடுகிற காற்றுத்தான் தடுக்கும் என்றார். அதற்கு மேலே கம்பளி நூல் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத ஒரு மெல்லிய அங்கி. ஊறினாலும் கம்பளி கொஞ்சம் சூடு வைத்திருக்கும், பருத்தி ஈரத்தைத் தோலோடு சேர்த்துக் கட்டி வைக்கும். அதைவிட முக்கியமான பாடம், வேலை தொடங்க முன்னமே ஒரு சட்டையைக் கழற்றிவிடு, வியர்க்க விடாதே. மெதுவாக நட. இதை எங்கள் பொடியன்கள் யாரும் கேட்கவில்லை, எல்லாரும் ஒருமுறை விறைத்துத்தான் படித்தோம்.

கைதான் பெரிய பிரச்சினை. உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை. ஐஸ் கலந்த மீனைத் தொட்டுத் தொட்டு, ரப்பருக்குள் தண்ணீர் போகாவிட்டாலும் கை வியர்த்து உள்ளுறை நனைந்துவிடும். பழகின ஆட்கள் நாளுக்கு நாலைந்து சோடி உள்ளுறை வைத்திருப்பார்கள், ஒவ்வொரு தேநீர் நேரத்துக்கும் ஒன்றை மாற்றி, நனைந்ததைச் சுடுதண்ணீர்க் குழாயில் வரிசையாகக் காயப் போடுவார்கள். குழாய் முழுக்க விரல்கள் தொங்குவது மாதிரி இருக்கும். நான் ஒரே சோடியோடு முழு நாளும் சமாளிப்பேன் என்று நின்று, பின்னேரம் கத்தி கையை விட்டு விழுந்தது தெரியாமல் வெறுங்கையால் வெட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நடை இன்னொரு பாடம். மழை பெய்து உறைந்த தெரு கண்ணாடிதான். மற்ற நாட்டுப் பொடியன்கள் முதல் மாதத்தில் விழுந்து எழும்பினார்கள், எனக்கு அது சுகமாக வந்தது. காரணம் வேறொன்றுமில்லை, மழைக்குப் பிறகு வயல் வரம்பில் நடந்து வளர்ந்த கால். பாதத்தை முழுசாக வை, எட்டைக் குறை, முழங்காலைக் கொஞ்சம் மடி, கையைச் சட்டைப்பைக்குள் போடாதே. அவ்வளவுதான். இருந்தும் நாலாம் வருடம் திமிரில் ஓடிப்போய் மணிக்கட்டை முறித்தேன்.

நவம்பர் கடைசி வாரம் தொடங்கி ஜனவரி மூன்றாம் வாரம் மட்டும் சூரியன் எழும்பாது. மதியத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஒரு நீல வெளிச்சம், பிறகு இருட்டு. அதைப் பற்றி நிறைய எழுதலாம், நான் எழுதப் போவதில்லை, நித்திரையும் மனமும் கெட்ட காலம் அது. அந்த ஊர்ச் சனம் அதற்குச் செய்தது மீனெண்ணெய் குடித்ததும், அந்த நீல வெளிச்ச நேரத்தில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வெளியே ஒரு நடை போனதும்தான். மாதத்தின் நோர்வேப் பெயரில் 'ர்' வந்தால் மீனெண்ணெய் குடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கு, செப்டெம்பரில் தொடங்கி ஏப்ரில் வரைக்கும். கறுத்த தோல்காரருக்கு உயிர்ச்சத்து டி இன்னும் கூடத் தேவை.

ஆனால் நான் வருடக் கணக்காகப் பார்த்தும் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. அந்தச் சனம் குளிரோடு சண்டை பிடிப்பது குளிர்காலத்தில் இல்லை. விறகை மே, ஜூனிலேயே பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, கோடை முழுக்கக் காய விடுவார்கள். தெருவோரம் ஆளைவிட உயரமான கம்புகளைப் பனி விழ முன்னமே நட்டுவிடுவார்கள், தெரு மூடப்பட்ட பிறகு தெரு எங்கே என்று கம்புதான் சொல்லும். எங்கள் ஊருக்கு வருகிற பாதை ஒரு மொட்டை மலைமேட்டைக் கடக்கும். காற்று மோசமானால் தடுப்பைப் போட்டு வாகனங்களை வரிசையாக நிறுத்தி, பனி தள்ளும் வாகனத்துக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிப் போவார்கள். முதல்முறை அந்த வரிசையில் இருந்தபோது எனக்கு ஏ-9 வீதியும் கொன்வோயும் ஞாபகம் வந்து வயிறு கலங்கியது. பக்கத்தில் இருந்தவர் போத்தலைத் திறந்து கோப்பி ஊற்றினார். வீட்டுக்கு இரண்டு கதவு, வெளிக்கதவைச் சாத்தின பிறகுதான் உள்கதவைத் திறக்கலாம். இடையில் உள்ள அந்தச் சின்ன அறையில்தான் ஈரமெல்லாம், சப்பாத்து, அங்கி, பனி, எல்லாம் நிற்க வேண்டும். ஈரம் வீட்டுக்குள் வரக்கூடாது.

அந்த அம்மா, எனக்கு வலைச்சட்டை தந்தவர், 1944இல் பிறந்தவர். அந்த வருட இலையுதிர் காலத்தில் ஜேர்மன் படை பின்வாங்கும்போது பின்மார்க்கை ஊர் ஊராக எரித்தது. சனத்தைத் தெற்குக்குப் போகச் சொல்லி ஏற்றினார்கள். போகாதவர்கள் குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் மாரியைக் கழித்தார்கள். கிர்க்கனெஸுக்குப் பக்கத்தில் பியோர்னவாட்ன் என்ற இடத்தில் ஓர் இரும்புச் சுரங்கத்துக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒளித்திருந்தார்கள், அங்கே பிள்ளைகளும் பிறந்தன. இவருடைய தாயும் கைக்குழந்தையோடு மலையடிவாரத்தில் ஒரு குடிசையில் இருந்தவர். 2009இல் நான் ஒஸ்லோவில் இருந்து தொலைபேசியில் கதைத்தபோது பங்கர் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டி வரவில்லை.

குளிரை வேலைக்காரனாக்கிய இடமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் முல்லைத்தீவுக்காரர் கோவிப்பார்கள். மாசி பிறக்க, கோட் மீனைச் சோடி சோடியாக வாலில் கட்டி மரப்பந்தலில் தொங்க விடுவார்கள், மே மாதம் வரைக்கும். உப்பே இல்லை. சைபரை ஒட்டிய கூதலும் கடற்காற்றும் அதன் தண்ணீரில் பெரும்பங்கை எடுத்துவிடும், கடைசியில் விறகுக் கட்டை மாதிரி ஆகிவிடும், தட்டினால் சத்தம் கேட்கும். கடுமையாக உறைந்தால் சதை கெடும், வெப்பம் ஏறினால் இலையான் வரும், இரண்டுக்கும் நடுவில் அந்தச் சில கிழமைகளை நம்பி நூற்றாண்டுக் கணக்காக ஒரு வியாபாரம். மீன் இத்தாலிக்குப் போகும், காய்ந்த தலைகள் நைஜீரியாவுக்கு. எங்கள் கருவாட்டு வாடியில் உப்பும் வெயிலும் செய்கிற வேலை. தலைகளைக் காயப்போடும் பந்தலின் கீழே நின்றால் மணம் மட்டும் ஒன்றுதான்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன், அதற்கு முதலில் கலைமான். உள்நாட்டில் சாமி மக்கள் கலைமான் மேய்க்கிறார்கள், கோடையில் கடற்கரை, மாரியில் உள்நாட்டு மேட்டுநிலம் என்று மந்தையோடு போய் வருவார்கள். கலைமானின் உரோமம் உள்ளே வெறுமையானது, காற்று அடைபட்டது, முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும். மைனஸ் நாற்பது அதற்கு ஒன்றுமே இல்லை. அப்போது எது கொல்லும்? மழை. நடு மாரியில் திடீரென்று சூடாகி மழை பெய்து, திரும்ப உறைந்தால் நிலத்தின் மேலே ஐஸ் பூட்டுப் போட்டுவிடும். கீழே இருக்கிற பாசியைக் குளம்பால் கிளற முடியாமல் பட்டினியில் விழும். ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் அப்படி ஒரு மழைக்குப் பிறகு ஏறக்குறைய 61,000 கலைமான்கள் செத்தன. பூமி சூடாக ஆக இந்த நடுமாரி மழை கூடுகிறது. மான் குளிரில் செத்தது என்று தூரத்தில் இருந்து பார்க்கிறவன் எழுதுவான், மேய்க்கிறவன் மழையைத்தான் திட்டுவான்.

எங்கள் மாடும் அப்படித்தான். உரோமம் உலர்ந்து, வயிறு நிறைந்திருந்தால் குளிர்நாட்டு மாடு உறைநிலைக்குக் கீழேயும் பேசாமல் நிற்கும். நனைந்துவிட்டால் அதற்கே 15 பாகையிலிருந்து கஷ்டம் தொடங்கும். எங்கள் பட்டி மாட்டுக்குத் தோல் மெல்லிசு, உரோமம் கட்டை. அதற்கு மேலே மார்கழி காலபோக நேரம், வயலெல்லாம் பயிர், மாட்டைக் காட்டோரமாக ஒதுக்கி வைத்திருப்போம், புல் குறைவு, எல்லாம் விலா எலும்பு எண்ணக்கூடிய உடம்பு. கூரையில்லாத பட்டி, முழங்கால் சேறு. மழையில் நனைந்து, காற்றில் நின்று, வெறும் வயிற்றோடு சேற்றில் படுத்தால் 19 பாகையும் கொல்லும். அந்த அம்மா எனக்குச் சொன்ன எல்லாம் இதற்குள் இருக்கிறது. நான் அதை மனிசருக்கான பாடம் என்று மட்டும் வைத்திருந்தேன்.

அன்று காலை என்னைவிடத் தெளிவாக நின்றவர் பக்கத்துக் காணி ஐயா. 1977 கலவரத்தில் நுவரெலியாப் பக்கத் தோட்டத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர், மாசிப் பனியில் தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பார்த்து வளர்ந்தவர். வந்ததும், "தம்பி, செத்ததப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, சாக்கு கொண்டாங்க" என்றார். கன்றின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டார், என்னையும் விடச் சொன்னார். நாக்கு குளத்துக் கல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது, விரலைச் சப்பவில்லை. சப்பாத கன்றுக்குப் பால் ஊற்றக்கூடாது, சுவாசப்பையில் போய்விடும், முதலில் சூடு. உரச்சாக்கு உதவாது, அது பிளாஸ்டிக். சணல் சாக்கால் தோல் சிவக்கும்வரை ஈரத்தைத் துடைத்து எடுத்தோம். காதைத் தேய்க்கக் கூடாது என்ற என் பாடம் உறைந்த தோலுக்கு, இங்கே உறையவில்லை, ஈரம்தான் போக வேண்டும். அடியில் தடிப்பாக வைக்கோல், ஏனென்றால் மேலே போர்த்தினாலும் நிலம் கீழே இருந்து சூட்டை உறிஞ்சும். காற்று வந்த பக்கம் பழைய தறப்பாளை இழுத்துக் கட்டினோம், நிவாரண எழுத்து இன்னும் அழியாத தறப்பாள். கொஞ்சத் தூரத்தில் நெருப்பு. அப்புறம் போர்த்த எதுவும் இல்லாமல், வீட்டுக்குள் ஓடி, பெட்டிக்கடியில் கிடந்த என் கம்பளிச் சட்டையை எடுத்து வந்தேன். அந்த அம்மா பின்னித் தந்தது. கன்றின் முன்னங்கால் இரண்டையும் கைகளுக்குள் நுழைத்துப் போட்டுவிட்டோம். பத்தரை மணிக்கு என் விரலைச் சப்பியது, அதன் பிறகு இளஞ்சூட்டுப் பால் கொடுத்தோம்.

செத்ததை ஆழக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாட்டோம். இழப்பீட்டுக்குப் பதியப் போன இடத்தில் காதில் இலக்கத்தகடு இருந்த மூன்றைத்தான் மாடு என்று ஏற்றுக்கொண்டார்கள், மற்ற நாலும் கணக்கில் வரவில்லை. தகடு குத்தாதவர்கள் இன்றைக்கே குத்துங்கள்.

அதன் பிறகு செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. பட்டிக்கு நடுவில் மேடு போட்டு, பழைய தகரத்தில் ஒரு கூரை, சுவர் கிடையாது, வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் மாட்டின் முதுகு உயரத்துக்குக் கிடுகு வேலி. நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே மூச்சு ஈரமாகித் தேங்கும், இரண்டு கதவு வீட்டில் படித்தது. மாசியில் அறுவடை முடிந்து எல்லாரும் வயலில் கொளுத்துகிற வைக்கோலை இரண்டு உழவு இயந்திரப் பெட்டி ஏற்றிவந்து, கட்டைக்கு மேலே போர் வைத்துத் தறப்பாளால் மூடி வைக்கிறேன். மழை அடைத்த நாளில் பின்னேரம் அதைப் போடுவேன், வைக்கோல் வயிற்றுக்குள் செமிக்கும்போதே சூடு பிறக்கும், இரவில் அதுதான் அடுப்பு. புரட்டாசியில் கூரை வேய்கிற நாளிலேயே இதையும் முடித்துவிட வேண்டும், கார்த்திகையில் யோசித்தால் பிந்திவிட்டது. எல்லாம் சேர்த்து ஒரு மாட்டின் விலைகூட ஆகவில்லை.

மருமகளின் பாடத்தில் இன்னும் ஒன்று இருந்தது, எப்போதும் உறைந்தே கிடக்கும் நிலம். ஒருமுறை ஸ்வால்பார்டுக்கு, 78 பாகைக்கு, நாலு நாள் போனேன். அங்கே வீடெல்லாம் கம்புக்கால்களில் நிற்கும், குழாய்களும் நிலத்துக்கு மேலே. வீட்டுச் சூடு கீழே இறங்கினால் நிலம் உருகி வீடே புதையும், அதனால் காற்று கீழால் ஓட வேண்டும். அதற்குப் படம் கீறித் தா என்று கேட்டாள். கீறினேன். "மாமா, இது எங்கட வயல் காவல் பரண் மாதிரியெல்லோ" என்றாள். யானைக்குப் பயந்து கட்டினது என்றேன்.

கன்று இப்போது பெரிய பசு, இரண்டு ஈத்து கண்டுவிட்டது. அது கம்பளிச் சட்டையோடு நின்ற படத்தை அன்றே அந்த அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன், எழுபத்தெட்டு வயதில் கைப்பேசியில் பதில் எழுதினார். ஏழு மாட்டைப் பற்றி வருத்தமாக இரண்டு வரி, பிறகு, கழுத்துத் தையலை யார் இப்படி இழுத்துப் பிரித்தது என்று ஒரு கேள்வி. கோடை வரட்டும், அளவெடுத்து அனுப்பு, மாரிக்கு முன்னம் ஒன்று பின்னி அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார்.